அப்பாவின் ஆம்னி

பழைய வண்டி சும்மா நிற்கிறது, ஏதாவது இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். போன வாரம் பெரியப்பா மகன் தன் காரைப் பற்றி இதையே கேட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சேலம் லீ பஜாரில் மளிகை வியாபாரம். 2008-இல் வாங்கிய மாருதி ஆம்னி வேனில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றுவார். மிளகாய் வத்தல் நெடி அதை விட்டுப் போனதே இல்லை. ஏறி உட்கார்ந்தாலே தும்மல் வரும். 2022-இல் அப்பா தவறிய பிறகு, வாசலில் நின்ற வண்டியைப் பார்க்கிறபோதெல்லாம் அம்மா அழுதார். விற்க யாருக்கும் மனம் வரவில்லை. ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அப்பா வருடா வருடம் அரிசி கொடுப்பார். கருமாதி முடிந்த கையோடு தம்பி ஆம்னியை அங்கே ஓட்டிப் போனான். சாவியையும் ஆர்.சி. புக்கையும் கொடுத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி வந்துவிட்டான். அன்றைக்கு எல்லாருக்கும் மனசு நிறைந்திருந்தது.

மறுவருடம் திதிக்கு நான் அரிசி கொண்டுபோனேன். சில்வர் ஓக் மரத்தடியில் ஆம்னி நின்றது. நாலு டயரும் காற்றிறங்கி மண்ணில் அமுங்கியிருந்தன. மரத்தில் ஏற வேண்டிய மிளகுக் கொடி டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றியிருந்தது. கதவை இழுத்துத் திறந்தேன். உள்ளே கூரை வரைக்கும் விறகு. ஈர விறகு வாசத்தில் அப்பாவின் மிளகாய் நெடி துளிகூட இல்லை.

பொறுப்பிலிருந்த சிஸ்டர் தானாக எதுவும் சொல்லவில்லை. நான்தான் விடாமல் கேட்டேன்.

"ரெண்டு தடவதாங்க எடுத்தோம். ஒரு பாட்டிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு கீழ எறங்கறப்ப பிரேக் சரியாப் பிடிக்கல. அதுக்கப்புறம் ஓட்ட யாருக்கும் தைரியம் வரலைங்க. ஆர்.சி. அப்பா பேர்லயே இருக்குது, இன்சூரன்ஸும் முடிஞ்சிருச்சு. விக்கவும் முடியல. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லவும் முடியல."

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் பிடித்து இறக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், நல்ல வண்டிக்குக்கூட பிரேக் சூடேறி கைவிட்டுவிடும். கடைக்கும் வீட்டுக்கும் சமதரையில் ஓடிய வண்டி எங்களுடையது. பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு மெக்கானிக்கிடம்கூடக் காட்டவில்லை. என் பிள்ளையை அதில் ஏற்றி மலை இறக்கியிருப்பேனா? மாட்டேன். அந்தப் பாட்டியை ஏற்றத் துணிந்தோமே என்று இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

பேப்பர் விஷயம் இன்னும் மோசம். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் இல்லத்தின் பேருக்கு மாற்றப் படிவம் 29, 30. உயிரோடு இருப்பவர் கொடுத்தாலும் 29, 30 கட்டாயம். லோன் பாக்கி இருந்த வண்டியென்றால் முதலில் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்க வேண்டும். சாவி கொடுத்ததோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2018-இல் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில், வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன், "இங்க கார் டொனேட் பண்ணா டாக்ஸ் கழியும்" என்றான். அங்கே பெரும்பாலும் தொண்டு நிறுவனம் காரை ஏலம் விட்டு, வரும் பணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) பணமாகக் கொடுப்பதற்கு மட்டும்தான், பொருளுக்குக் கிடையாது. ரொக்கமென்றால் அதுவும் 2000 ரூபாய் வரைக்கும்தான்.

நல்ல நிலையில் இருக்கும், பதிவின் பதினைந்து வருடம் முடிய இன்னும் காலம் இருக்கும் வண்டியைத் தாராளமாகக் கொடுங்கள். மலைமேல் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று காத்துக் கிடக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! சர்வீஸ் செய்து, பேர் மாற்றி, ஒரு வருட இன்சூரன்ஸும் கட்டிக் கொடுங்கள். அவ்வளவு செலவுக்கு லாயக்கில்லாத வண்டியென்றால் விற்றுப் பணமாகக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அவர்களுக்கு வண்டி வேண்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். சிஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்து, "மாசம் ஒருக்கா எல்லாரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்ங்க. ஜீப் வாடகைதான் கட்டுபடியாகல" என்றார்.

வாரிசுச் சான்றிதழை வைத்துக்கொண்டு தம்பி நடையாய் நடந்து பேப்பரைச் சரிசெய்தான். கொண்டலாம்பட்டி மெக்கானிக் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "தரையே துருப்பிடிச்சுப் போச்சுங்கக்கா, இத மறுபடி மலை ஏத்தாதீங்க" என்றார். பழைய இரும்புக்குப் போட்டு ஆர்.சி.யை ரத்து செய்தோம். 22,000 ரூபாய் வந்தது. நாங்களும் சேர்த்துப் போட்டு ஜீப் வாடகைக்கென்று கொடுத்தோம். தீரத் தீர இன்றுவரை நாங்களே பங்கிட்டு அனுப்புகிறோம்.

நேற்று சாயங்காலம் சிஸ்டரிடமிருந்து மெசேஜ்: "செவ்வாய்க்கிழமை ஆறு பேர் போறோம். காலைல ஆறு மணிக்கு ஜீப் சொல்லியாச்சு."