பிள்ளைகள் வேலையை எப்போது கழித்துக்கட்டுகிறார்கள்?

மேல்நிலை வகுப்புப் பிள்ளையைப் பார்த்தால் போதும், ‘அப்புறம், என்ன ஆகப் போற?’ என்று கேட்டுவிடுகிறோம். அது சொல்கிற பதிலை அதன் சொந்த விருப்பம் என்றும் நம்பிவிடுகிறோம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஒன்பதாவது படிக்கிறாள், ‘சாஃப்ட்வேர்’ என்றாள். சரி, அந்த வேலையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்வார்கள் என்றேன். யோசித்துவிட்டு, ‘லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து மீட்டிங் பேசுவாங்க’ என்றாள். வீட்டில் சித்தப்பாவை அப்படித்தான் பார்த்திருக்கிறாள். பார்த்ததைத்தானே சொல்ல முடியும்?

லிண்டா காட்ஃப்ரெட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-இல் முன்வைத்த கோட்பாடு இதை நன்றாக விளக்குகிறது. பிள்ளைகள் முதலில் செய்வது, தங்களுக்கு ஒத்துவராது என்று தோன்றும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டுவது. 6 முதல் 8 வயதுக்குள் ‘இது ஆம்பளைங்க வேலை, இது பொம்பளைங்க வேலை’ என்று ஒரு பங்கு போய்விடும். 9 முதல் 13-க்குள் ‘இது கௌரவக் குறைச்சல், அது நமக்கு எட்டாது’ என்று இன்னும் கொஞ்சம். தனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி அழுத்தமாக எழுவது 14-க்கு மேல்தான். நாம் போய் ஆசையைக் கேட்பதும் அப்போதுதான்!

மிச்சம் எவ்வளவு என்று, பல நாடுகளின் மாணவர்களிடம் நடத்தப்படும் பிசா (PISA) என்ற சர்வதேச ஆய்வு 2018-இல் காட்டியது. 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று 15 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 41 நாடுகளில் பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் 10 வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். 2000-இல் கேட்டபோதுகூட இவ்வளவு குறுகலாக இல்லை. இடையில் இணையமே கைக்குள் வந்துவிட்டது, பட்டியல் மட்டும் விரியவில்லை.

வீட்டில் பணம் இல்லையென்றால் சீக்கிரம் சம்பாதிக்க வைக்கிற படிப்புதான் அமையும், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. மார்க் விஷயம் அப்படியல்ல. எந்தப் பக்கம் போவது என்பதில் மார்க்கைவிட ‘என்னால் முடியும்’ என்ற நினைப்புக்குப் பல சமயம் வலு அதிகம். ‘உனக்குக் கணக்கு வராது’ என்று யாரோ போகிறபோக்கில் சொன்னதை நம்பி, அந்தப் பக்கமே திரும்பாதவர்கள் எத்தனை பேர்! ஆர்வத்தை அளக்கும் தேர்வுகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணில் படாத வேலையின் மேல் ஆர்வம் எங்கிருந்து வரும்?

பல பள்ளிகளில் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சியைக் கடைசி வருடத்தில் ஒரு நாள் நடத்தி முடித்துவிடுகிறார்கள். அதை ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். நர்ஸ், எலக்ட்ரீஷியன், சர்வேயர், கணக்காளர் என்று யாராவது வந்து நேற்று வேலையில் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்லட்டும். அறிவுரை வேண்டாம். பிள்ளைகள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள், அதையும் மழுப்பாமல் சொல்லட்டும்.