ஃபியூஸைப் பிடுங்கினால் பூட்டு விடாது

ஒரு அண்ணாச்சி, நிசான் 370இசட் காரில் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டு ஸ்டார்ட் பட்டனும் வேலை செய்யலைன்னா 'லாக் ஃபியூஸைப் பிடுங்குங்க, வண்டி எடுத்துரும்'னு எழுதியிருக்கார். பாதிதான் சரி.

ஸ்டீயரிங்கைத் திரும்ப விடாம பிடிச்சிருக்கிற பூட்டுக் கம்பியை உள்ளே இழுப்பது ஒரு சின்ன மோட்டார். பூட்டிக் கிடக்கும்போது ஃபியூஸை எடுத்தா அதுக்குக் கரண்டே போகாது, கம்பி அங்கேயே நிக்கும். கம்பி விலகினதா சிக்னல் வராம இக்னிஷனும் வராது. ஃபியூஸ் வித்தை பூட்டு திறந்திருக்கும்போது மட்டும்தான் பலிக்கும். அப்ப எடுத்தா மறுபடி பூட்டாது. வேற எதுக்கும் அதே ஃபியூஸ் போகுதான்னு மேனுவல்ல பாத்துக்கோங்க. திருட்டுப் பாதுகாப்பு ஒண்ணு குறையும், அது உங்க முடிவு.

முதல்ல பேட்டரி: இன்ஜின் ஓடாம 12.4 வோல்ட்டாவது காட்டணும். சரியா இருந்தா, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமா லேசா ஆட்டிக் கம்பி மேலுள்ள இறுக்கத்தைக் குறைங்க. கிளட்சையும் பட்டனையும் ஒருத்தர் அழுத்த, இன்னொருத்தர் ஸ்க்ரூடிரைவர் பிடியால பூட்டுக் கூட்டில் ரெண்டு தட்டு. சுத்தியல் வேண்டாம். பூட்டு விட்டுட்டா இக்னிஷன் ஆன்ல இருக்கும்போதே ஃபியூஸை எடுங்க.

குளச்சல், முட்டம் பக்கம் கடற்காத்துல நிக்கிற வண்டின்னா கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கான்னும் பாருங்க. பூட்டு யூனிட்டையே மாத்தும்போது, அதைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுகள் தலை உடைஞ்ச வகை. ஸ்பானர் பிடிக்காது, காடி வெட்டித்தான் திருப்பணும். அதுக்கு முன்னால பேட்டரியைக் கழற்றி 3 நிமிஷம் பொறுங்க, பக்கத்துலயே ஏர்பேக். புது யூனிட்டைச் சாவியோட புரோகிராம் பண்ணாம வண்டி எடுக்காது.

பூட்டு விடவே இல்லைன்னா கயிறு கட்டி இழுக்காதீங்க, வண்டியை மேலே ஏத்திக்கொண்டு போற ஃபிளாட்பெட் லாரிதான்.