ஜமைக்கா உணவகத்தில் அக்கீ சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்தா?

"ஜமைக்காவின் தேசியப் பழமான அக்கீ விஷம், ஓட்டலில் தொடவே தொடாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் சொல்வதுதான் தவறு.

பழுக்காத அக்கீயில் ஹைப்போகிளைசின் ஏ என்ற நச்சு உண்டு. அது ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கும். கடும் வாந்தி, வலிப்பு, சாவு வரைக்கும் போகலாம். வேகவைத்தாலும் காய் நல்லதாகிவிடாது. ஆனால் பழம் மரத்திலேயே முற்றிச் சிவந்து, தானாக வெடித்துத் திறந்தபின் சதையில் நச்சு வெகுவாகக் குறைந்துவிடும். அதற்குமுன் கையால் பிளந்து எடுக்கவே கூடாது.

திறந்த பழத்தில் மூன்று கருங்கொட்டைகள், அவற்றோடு ஒட்டிய வெளிர்மஞ்சள் சதை. உண்பது அந்தச் சதையை மட்டும்தான். கொட்டை எப்போதுமே நச்சு, அதை வீசிவிடுவார்கள். மடிப்புக்குள் இருக்கும் சிவப்பு நரம்பையும் கிள்ளி எடுத்து, சதையை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். ஜமைக்கா சமையல்காரர்களுக்கு இது சிறுவயதுப் பாடம்.

உப்புக் கருவாடு, வெங்காயம், தக்காளி, ஸ்காட்ச் பானட் மிளகாயோடு வதக்கி வரும்போது பார்க்க முட்டைப் பொரியல் மாதிரியே இருக்கும். சைவர்கள் ஏமாறுவது இங்கேதான்: மீன் துணுக்குகள் சதையோடு கலந்தே கிடக்கும், ஒதுக்க முடியாது. "மீன் இல்லாமல்" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஜமைக்காவின் ரஸ்தஃபாரி சமயத்தார் வழக்கப்படி, பெரும்பாலும் சைவமாகவே சமைக்கும் 'ஐட்டல்' கடைகள் இன்னும் நல்லது.

ஆபத்து உணவகத் தட்டில் அல்ல; மரத்தடியில் கிடைத்த மூடிய காயை, விவரம் தெரியாமல் நாமே சமைப்பதில்தான்.