இழுத்த திசையில மட்டும்தான் விறைப்பு
மெல்லிசான பிளாஸ்டிக் பிலிமை இழுத்தா எல்லா பக்கமும் விறைப்பு கூடும்னு இந்த கட்டுரையில போட்டிருக்கு, அது சரியில்லைங்க, இழுத்த திசையிலதான் நல்லா கூடும், ஏன்னா மூலக்கூறு சங்கிலிங்க அந்த பக்கமாதான் வரிசைகட்டி நிக்குது, குறுக்கால அதுங்கள பிடிச்சு வெச்சிருக்கிறது வெறும் பலவீனமான ஈர்ப்புதான். பார்சல் கட்டுற பிளாஸ்டிக் பட்டைய நீளவாக்குல இழுத்து பாருங்க, கைதான் வலிக்கும், அதையே நகத்தால நீளமா கீறுனா நார் நாரா பிரிஞ்சிடும். எங்க பிஓபிபி (ரெண்டு திசையிலயும் இழுத்து செய்யுற பாலிப்ரொப்பிலீன் பிலிம்) லைன்ல நீளவாக்குல 5 மடங்கு, அகலவாக்குல 9 மடங்கு இழுக்குறோம், டெஸ்ட் பண்ணா அகலவாக்குல மாடுலஸ், அதாவது விறைப்போட அளவு, நீளவாக்க விட கிட்டத்தட்ட டபுளா வருது. மேல கமெண்ட்ல ஒருத்தர் எத்தனை மடங்கு இழுக்குறோங்கறது மட்டும்தான் விறைப்புக்கு கணக்குன்னு சொல்லிருக்கார், ஆனா இழுக்கும்போது பிலிமை சூடாக்குற ஓவன்ல சூடு கூடிப்போச்சுன்னா சங்கிலிங்க நழுவி திரும்ப சுருண்டுக்கும், அதே 9 மடங்கு இழுத்தும் பிலிம் தொளதொளன்னுதான் வரும், ராத்திரி ஷிப்ட்ல இத பல தடவை பார்த்திருக்கேன்.