ஸ்டார்ட் ஆயிடுச்சு சார்

சரி, எல்லோரும் சிரித்து முடித்தாயிற்றா?

ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கப் போன ஷோரூம் வாசலில் மச்சான் பையன் எடுத்த அந்த 40 விநாடி வீடியோ, சொந்தக்காரர் குரூப்பில் ஆரம்பித்து, என் பழைய ஆபீஸ் குரூப்பைச் சுற்றி, நேற்று மளிகைக்கடை அண்ணாச்சி வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. அரிசியை நிறுத்துக்கொண்டே சொல்கிறார்: "ஸ்டார்ட் ஆயிடுச்சு சார்!"

என் தரப்பையும் கேளுங்கள். பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தினேன். மீட்டரில் பச்சையாக ஏதோ எரிந்தது. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. முப்பது வருஷம் சாவியைத் திருகியவன் காது உறுமலுக்குத்தானே காத்திருக்கும்? மறுபடி அழுத்தினேன். அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். சேல்ஸ் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதுதான் அந்த வாசகம். பேட்டரியில் சார்ஜ் இருந்தால், பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள இந்த ஹைபிரிட் வண்டி எஞ்சினை எழுப்பாமலே கிளம்பத் தயாராகிவிடும். இப்போது தெரியும். அன்று தெரியாது. அவ்வளவுதான்.

பையன் மேல் கோபமில்லை, அவனுக்கு 19 வயது. மச்சான் அதற்குக் கீழே எழுதினாரே, "மைலேஜ் கணக்குப் போடுறவருக்கு வண்டி ஸ்டார்ட் ஆனதே தெரியல" என்று, அதுதான் உறுத்துகிறது. ரயில் ஓட்டத் தெரியாதவன் டிக்கெட் விலை கேட்கக் கூடாதா?

ஹைபிரிட் வாங்கலாமா என்ற பேச்சில் நான் கேட்டது ஒரே கேள்வி. வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம், அதில் ஊருக்குள் எத்தனை? இதற்குப் பதில் சொல்லாமல் ஹைபிரிட் நல்லதா கெட்டதா என்று பேசுவது வீண் பேச்சு.

நான் பார்த்தது மாருதியின் கிராண்ட் விட்டாரா. 2022 செப்டம்பரில் வந்தபோது ஆட்டோமேட்டிக் பெட்ரோலுக்கும் அதே வசதிகள் உள்ள ரகத்தில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் (மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) ஷோரூம் விலையில் 2.6 லட்சம் வித்தியாசம். அதற்கு மேல் நம் மாநில சாலை வரி. 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற மோட்டாருக்கும் பேட்டரிக்கும் சேர்த்துத்தான் அந்த 18. ஆக 3 லட்சத்தைத் தாண்டுகிறது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியையே தள்ளுபடி செய்தார்கள். இங்கே மின்சார வண்டிக்கு விலக்கு உண்டு, ஹைபிரிட்டுக்குக் கிடையாது. ஜிஎஸ்டியில் முன்பு ஹைபிரிட்டுக்கு 43 சதவீதம், இதே அளவு சாதா பெட்ரோலுக்கு 45 என்று ஒரு சின்னச் சலுகையாவது இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40. வரி குறைந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அந்த இரண்டு சதவீத மரியாதையும் போய்விட்டது.

இப்போது கணக்கு. கம்பெனி சொல்வது ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 27.97, ஆட்டோமேட்டிக் பெட்ரோலுக்கு 20.58. அது சோதனைக் கணக்கு, எங்கள் கோவை காந்திபுரம் சிக்னல் அதில் வராது. நானே தாராளமாக, ஊருக்குள் ஹைபிரிட் 22, பெட்ரோல் 14 என்று வைத்துக்கொண்டேன். வருஷம் 10,000 கிலோமீட்டர், லிட்டர் நூறு ரூபாய். மிச்சம் 26,000 ரூபாய். கூடக் கொடுத்த 3 லட்சம் திரும்பி வர பதினோரு வருஷத்துக்கு மேல்.

இது முழுக்க ஊருக்குள் ஓட்டினால். ஹைபிரிட்டின் வித்தையே நின்று நின்று போவதில்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைத்து, ஊர்ந்து போகும்போது மோட்டாருக்குக் கொடுக்கிறது. சிக்னலில் எஞ்சின் தூங்குகிறது. நாலுவழிச் சாலையில் சீராக 100-ல் போனால் பிரேக்கும் இல்லை, பிடிக்கச் சக்தியும் இல்லை. பெரும்பாலும் எஞ்சின்தான் இழுக்கிறது. அங்கே ஹைபிரிட் 21, பெட்ரோல் 18 என்று வைத்தேன். வருஷத்துக்கு 8,000 மிச்சம். போட்ட பணம் வர 37 வருஷம். அதற்குள் என் பேரனுக்குப் பேரன் பிறந்தாலும் பிறப்பான்.

நான் ஓட்டுவது என்ன? மாதம் இரண்டு தடவை மகளைப் பார்க்க ஓசூர். அப்புறம் பொள்ளாச்சி, பழனி. ஊருக்குள் ஹைபிரிட்டுக்குத் தோதாக இருந்த ஒரே இடம் அவிநாசி ரோடு. அங்கேயும் 2025 அக்டோபரில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்து, நெரிசலில் நின்று மிச்சம் பிடிக்கும் வாய்ப்பைக் குறைத்துவிட்டார்கள்!

வருஷம் 25,000 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டுகிறவரா? ஐந்து வருஷத்துக்குள் பணம் வந்துவிடும், தாராளமாக வாங்குங்கள். ஹைபிரிட் மோசம் என்று நான் எங்கே சொன்னேன்? எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்டேன்.

"இருபது லட்சத்துக்கு வண்டி வாங்குறவன் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்ப்பானா?" பார்ப்பான். கணக்குப் பார்த்ததால்தான் அந்த இருபது லட்சம் சேர்ந்தது.

"பேசாம இவி, அதான் மின்சார வண்டி, வாங்குங்க." எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் சார்ஜர் போட அனுமதி வாங்கிக் கொடுங்கள், நாளைக்கே வாங்குகிறேன்.

"சுற்றுச்சூழல்?" சரிதான். அதில் எனக்குப் பதில் இல்லை.

"பேட்டரி போனா?" 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. அதை வைத்து ஹைபிரிட்டைப் பயமுறுத்துகிறவர்களோடும் நான் சேர மாட்டேன். எனக்குப் பேட்டரியில் உறுத்துவது வேறு. அது டிக்கிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, 373 லிட்டர் இடத்தை 265 ஆக்கிவிடுகிறது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து வாக்கர் இல்லாமல் எங்கும் போவதில்லை. அதனால் வீட்டிலிருந்து டேப் எடுத்துப் போய் டிக்கியை அளந்தேன். ஆமாம், அதுவும் வீடியோவில் இருக்கிறது. அதற்கும் சிரித்தீர்கள்.

இதற்கெல்லாம் பெரிய குற்றவாளி ஒருவர் உண்டு. என் அப்பா. டீசல் அம்பாசடர் வைத்திருந்தார். டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில். பங்கில் டேங்கை நிரப்பினால் தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். சொந்தத்தில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் "நோட்டுக்காரர்". கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ராத்திரி ஆஸ்பத்திரிக்கும் ஓடியது அந்த நோட்டுக்காரர் வண்டிதான். அதற்கு யாரிடமும் டீசல் காசு கேட்டதாக நோட்டில் ஒரு வரி இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன். கூட்டிப் போன ஊர் மட்டும் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கும். மச்சான் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் வந்ததும் அதில்தான். அது அவருக்கு ஞாபகம் இருக்காது. சரி, விடுங்கள்.

வீடியோவில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரு ரவுண்டு போனோம். பின் சீட்டில் அம்மா. தெருவுக்குள் எஞ்சின் எழும்பாமலே வண்டி நகர்ந்தது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எங்கள் பழைய வண்டியில் அவர் பேசினால் எனக்குக் கேட்காது, நான் சொன்னால் அவருக்குக் கேட்காது. ஓசூர் வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவோம். அன்று கேட்டார்: "ஏங்கண்ணு, வண்டி நிக்குதா, போகுதா?" போகுதும்மா என்றேன், சாதாரணக் குரலில். கேட்டுவிட்டது. அப்பாவின் அம்பாசடரில் பவானி போன கதையைச் சொல்ல ஆரம்பித்து, ஷோரூம் வாசலுக்கு வந்தும் முடிக்கவில்லை.

நாலுவழிச் சாலையில் ஏறினால் எஞ்சின் எழுந்துவிடும், இந்த அமைதி இருக்காது என்று எனக்கும் தெரியும். மேலே நானேதான் எழுதியிருக்கிறேன். கணக்கு மாறவில்லை. இரண்டு ராத்திரியாக உட்கார்ந்து போட்டும் அதே பதினொன்று, அதே 37.

வெள்ளிக்கிழமை மறுபடி டெஸ்ட் டிரைவ் கேட்டிருக்கிறேன், இந்தத் தடவை ஊருக்கு வெளியே பைபாஸ் வரை. அம்மா மட்டும் வருகிறார். மச்சான் வீட்டிலிருந்து யாரும் வர வேண்டாம்.