புளி எவ்வளவு என்று கேட்டவரும் லீடுதானாம்

11 நிமிஷம். பாதி காய்ந்த நெத்திலி வெளியே உலர்த்தும் பரணில் கிடக்கிறது, வடகடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு 11 நிமிஷம் கருவாட்டுக் குழம்புக்குப் புளிக்கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் கருவாட்டுக்குக் கூகுளில் போட்ட விளம்பரத்தால் வந்த அழைப்பு அது, அதற்குக் காசு கட்டியதும் நான்தான். எழுதித் தீர்க்காமல் இன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

காலையில் பாம்பன் கரையில் எடுத்த 40 கிலோ பச்சை நெத்திலி. அலசி, வலை விரித்த பரணில் அம்மாவும் சித்தியும் பரப்பினார்கள். ஐப்பசி மாசம். இந்த மாசத்து வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது, அதனால் தார்ப்பாயோடு ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த ஆள் நான். மதியம் போன் அடித்தது. புது எண். விளம்பரம் ஓடுகிற நாளில் புது எண்ணை எடுக்காமல் விட முடியுமா?

"அண்ணா, கருவாட்டுக் கடைங்களா?" கோயம்புத்தூர்ப் பேச்சு.

"ஆமாம்மா, சொல்லுங்க."

"நெத்திலிங்ண்ணா. கால் கிலோ இருக்குதுங்க."

காற்றில் 'கால் கிலோ' மட்டும்தான் காதில் விழுந்தது. "கால் கிலோன்னா பார்சல் செலவு கட்டாதும்மா, ரெண்டு கிலோவா வாங்கிக்கிடுங்க, நல்லாக் காஞ்ச சரக்கு" என்றேன்.

"இல்லீங்ண்ணா, எங்ககிட்ட கால் கிலோ இருக்குது. அதுக்குப் புளி எவ்வளவு போடறதுன்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்."

வைத்துவிட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒரு பெண் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு சாப்பாட்டுக்கு வழி கேட்கும்போது எப்படி வைப்பது? புரட்டாசி முடிந்து வீட்டில் முதல் தடவை அசைவம் சமைக்கிறார்களாம். எலுமிச்சம்பழ அளவு போதும் என்றேன். சின்ன எலுமிச்சம்பழமா பெரியதா என்று கேட்டார். சின்னது என்றேன். பழைய புளியா புதுப்புளியா என்றார். தலையைக் கிள்ள வேண்டுமா என்றார். கிள்ளுங்கள், வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டு இரண்டு தடவை அலசுங்கள் என்றேன். மண் இருக்குமோ என்றார். அங்கே எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கருவாட்டில் மண் இருக்காது, நாங்கள் மணலில் போடுகிறதே இல்லை, பரணில்தான் காய வைக்கிறோம் என்று ஆரம்பித்து, அதற்கே ஒரு நிமிஷம் போயிற்று. அவர் வைத்திருந்தது எங்கள் கருவாடே இல்லை. அவர்கள் ஊர்ச் சந்தையில் வாங்கியது. அதற்குள் அவருடைய மாமியார் போனை வாங்கிக் கத்திரிக்காய் சேர்க்கலாமா, மாங்காய் சேர்க்கலாமா என்று கேட்டார். பரணுக்கு அந்தப் பக்கமிருந்து சித்தி, "உப்பைக் கடைசியில பார்த்துப் போடச் சொல்லு" என்று குரல் கொடுத்தாள். அதையும் சொன்னேன். அந்த அம்மா "நல்லா இருப்பீங்க தம்பி" என்று வாழ்த்தி வைத்தார்.

வைத்த கையோடு மழை கொட்டியது.

மூன்று பேரும் ஓடினோம். தார்ப்பாயின் ஒரு முனையை அம்மா இழுக்க, காற்று மறு முனையைத் தூக்கியடித்தது. முழுதும் மூடுவதற்குள் பரணில் தண்ணீர் நின்றுவிட்டது. நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ தேறும். 40 கிலோ என்றால் 10 கிலோ கருவாடு. பாதி காய்ந்ததில் மழைத்தண்ணீர் பட்டால் மறுநாளே வாடை மாறிவிடும், அப்புறம் புழு வைக்கும். கோழித் தீவனத்துக்கு எடுப்பவரிடம் அவர் சொன்ன விலைக்குத் தள்ள வேண்டியதுதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆத்திரம் வந்தது இதற்கும் அப்புறம்தான். சாயங்காலம் விளம்பரம் பார்த்துக்கொள்கிற ஏஜென்சியிடமிருந்து ரிப்போர்ட் வந்தது. பச்சை நிறத்தில் மேல்நோக்கி அம்புக்குறிகள். 'இந்த வாரம் 31 லீடு, லீடு ஒன்றின் செலவு குறைந்திருக்கிறது, வாழ்த்துகள்.' வாங்கக்கூடியவர் என்று அவர்கள் எண்ணுகிற ஆள்தான் லீடு. அந்த 31 அழைப்பில் இரண்டு பேர் கருவாடு வாங்கினார்கள். இரண்டே பேர். மீதி 29 பேர் யார் என்று கணக்கை நானே திறந்து பார்த்தேன். இன்று மதியம் வந்த 11 நிமிஷ அழைப்பு 'கன்வெர்ஷன்', அதாவது விளம்பரத்தால் கிடைத்த பலன், என்று வரிசையில் இருக்கிறது. புளி எவ்வளவு என்று கேட்டவர் லீடாம். என் 10 கிலோ கருவாடு மழையில் போன நேரம் அவர்கள் கணக்கில் வெற்றியாம்.

ஏன் இப்படி என்று ஏஜென்சிப் பையனிடம் போனில் கேட்டேன். "சார், 60 செகண்டுக்கு மேல பேசினா சீரியஸ் கஸ்டமர்னு எடுத்துக்குவோம்" என்றான். கூகுள் ஆட்ஸில் விளம்பரத்திலிருந்து வரும் அழைப்புக்கு முதலிலேயே வைத்திருக்கிற அளவு அந்த 60 வினாடி. தொழிலுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளத்தான் அங்கே இடம் விட்டிருக்கிறார்கள். ஆறு மாசமாக இவர்கள் மாற்றவில்லை. எங்கள் தொழிலில் வாங்குகிறவன் எப்படிப் பேசுவான் தெரியுமா? "அண்ணே, நெத்திலி பத்து, சீலா அஞ்சு, என்ன ரேட்டு? சரி, நம்பர் அனுப்புங்க, பணம் போட்டுடுறேன்." 40 வினாடியில் முடிந்துவிடும். கடை வைத்திருப்பவனுக்கு அதற்கு மேல் பேச நேரம் கிடையாது. நீளமாகப் பேசுகிறவர் பெரும்பாலும் வாங்காதவர். ஆக, எங்களுக்குச் சோறு போடுகிற அழைப்பில் பெரும்பாலானதைத் தள்ளிவிட்டு, சமையல் கேட்கிற அழைப்பையெல்லாம் லீடு என்று எண்ணியிருக்கிறார்கள்!

இது வெறும் எண்ணிக்கைத் தப்பு என்றால் பொறுத்துக்கொள்வேன். கன்வெர்ஷனைக் கூட்டு என்று, எந்தத் தேடலுக்கு எவ்வளவு காசு கொடுப்பது என்கிற ஏலத்தைத் தானியங்கிக்கு விட்டுவிட்டால், எது கன்வெர்ஷன் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோமோ அதைப் போலவே இன்னும் பத்துப் பேரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவதுதான் அதன் வேலை. புளி கேட்டவரைப் பார்த்து 'இவர்தான் வேண்டும்' என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதுவும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, தமிழ்நாட்டில் எந்த அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தாலும் என் போனை அடிக்க வைக்கிறது.

சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டையும் திறந்தேன். கூகுளில் என்ன தேடியவர்களுக்கு நம் விளம்பரம் போயிருக்கிறது என்று காட்டும் பட்டியல் அது. எல்லாத் தேடலையும் காட்டாது, ரொம்பக் குறைவான பேர் தேடியதை மறைத்துவிடும். காட்டியதே எனக்குப் போதும். 'நெத்திலி கருவாட்டுக் குழம்பு செய்வது எப்படி.' 'கருவாடு கனவில் வந்தால் என்ன பலன்.' 'கர்ப்பிணிகள் கருவாடு சாப்பிடலாமா.' 'பூனைக்குக் கருவாடு கொடுக்கலாமா.' 'ராமேஸ்வரம் மீன் சாப்பாடு ஹோட்டல்.' ஒவ்வொரு வரிக்கும் எதிரே காசு. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கனவில் கருவாடு கண்டவருக்கும் நான் பணம் கட்டியிருக்கிறேன்.

காரணத்தைத் தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்று கொடுக்கிற கீவேர்டாக 'கருவாடு' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டு, பிராட் மேட்சிலேயே விட்டிருக்கிறார்கள். மேட்ச் டைப்பை நாம் மாற்றாத வரை கீவேர்டு அப்படித்தான் ஓடும், சம்பந்தம் இருப்பதாகத் தோன்றுகிற எல்லாத் தேடலுக்கும் போகும். 'கருவாடு மொத்த விலை', 'கருவாடு ஆன்லைனில் வாங்க', 'நெத்திலி கருவாடு ஒரு கிலோ விலை' என்று வாங்குகிறவன் வாயில் வருகிற சொல்லைப் போட வேண்டாமா? அதைச் சொல்லித்தர ஏஜென்சி எதற்கு, பாம்பன் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எந்தச் சொல்லுக்கு விளம்பரம் போகக் கூடாது என்று தடுக்கிற நெகட்டிவ் கீவேர்டு பட்டியல் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று அனுப்பினான். 'ஃப்ரீ', 'ஜாப்', 'ரெசிபி'. மூன்றே சொல், அதுவும் ஆங்கில எழுத்தில். நம் ஆட்கள் எத்தனை விதமாகத் தட்டுகிறார்கள்! குழம்பு, குழம்புக்கு, கொழம்பு, தொக்கு, வறுவல், செய்முறை, எப்படி. அதையே ஆங்கில எழுத்தில் தட்டும்போது குழம்பு ஒன்றுக்கே மூன்று நாலு எழுத்துக்கூட்டு. ஒன்றைத் தடுத்தால் மற்றதெல்லாம் தானாகத் தடைபடும் என்று நம்ப முடியாது, ஒவ்வொன்றாக உட்கார்ந்து சேர்க்க வேண்டும். வாரம் அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்துக்குத்தான் மாசாமாசம் அவர்களுக்குக் கட்டணம் கொடுக்கிறேன்.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் இருப்பவர்களோடு, அந்த இடத்தின் மேல் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும் அமைப்பை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஷார்ஜாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கீழக்கரைக்காரர், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிறவர். இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லையாம். "காக்கா, சீலா கருவாடு அனுப்ப முடியுமா? என்ன விலைன்னாலும் சரி" என்றார். எங்களால் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்று சொன்னபோது, "பரவாயில்லை காக்கா" என்று அவர் மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்த மனுஷனுக்கு ஆசை காட்டி ஏமாற்றியது போல ஆகிவிட்டது. 'தமிழ்நாட்டுக்குள் மட்டும், குறைந்தது 2 கிலோ' என்று ஒரு வரி விளம்பரத்தில் இருந்திருந்தால் அவர் கூப்பிட்டிருக்க மாட்டார். கிலோ விலையையும் போட்டிருந்தால் பாதிப் பேர் தொடாமலே போயிருப்பார்கள், என் காசும் மிஞ்சியிருக்கும்.

இதைச் சொன்னதும் அந்தப் பையன் பதறிவிட்டான். "சார், விலை போட்டா கிளிக் குறைஞ்சிடும். ஃபார்ம்ல ஊரு, எத்தனை கிலோன்னு கேட்டா லீடு குறைஞ்சிடும்."

குறையட்டும்! 31 வேண்டாம், நாலு போதும். அந்த நாலு பேரும் கருவாடு வாங்குகிறவர்களாக இருந்தால், நான் நாலு பேரோடு பேசிவிட்டுத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நிற்பேன். ரிப்போர்ட்டில் அம்பு மேலே போக வேண்டும் என்பது அவன் பிழைப்பு. பரணில் கிடக்கிற நெத்திலி என் பிழைப்பு.

எல்லாவற்றையும் விட எனக்கு அடங்காத ஆத்திரம் ஒன்று உண்டு. என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, அது ஆர்டர் ஆனதா இல்லையா, எத்தனை கிலோ, எல்லாம் என் தங்கை அழகாக எழுதி வைத்திருக்கிறாள். எந்த அழைப்பு விற்பனையாக முடிந்தது என்பதைக் கூகுள் ஆட்ஸில் திரும்ப ஏற்றுவதற்கு வழி இருக்கிறது. அதை ஏற்றினால், யாரைத் தேட வேண்டும் என்று தானியங்கிக்கு உண்மையாகச் சொல்லிக்கொடுத்தது போல ஆகும். ஆறு மாசத்தில் ஒருவர், ஒரே ஒரு தடவை, "உங்களுக்கு வந்ததில் எது ஆர்டர் ஆச்சு?" என்று என்னிடம் கேட்கவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத நேரத்தில், இருப்பு வைத்த சரக்கை நல்ல விலைக்குக் கொடுக்கலாம் என்றுதான் கடன் வாங்கி இந்த விளம்பரத்தை ஆரம்பித்தேன். அந்த 61 நாளும் நான் செய்முறை சொல்லியே கழித்திருக்கிறேன்.

ஏஜென்சிக்கு இன்றோடு முடிவு சொல்லிவிட்டேன். கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது. ராத்திரியே 60 வினாடிக் கணக்கை எடுத்துவிட்டேன், அழைப்பு வரும் நேரத்தைச் சாயங்காலம் நாலிலிருந்து எட்டு மணி வரைக்கும் மாற்றிவிட்டேன். மீதியை நாளைக்குத் தங்கையும் நானும் உட்கார்ந்து செய்வோம்.

நாளைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்த வாரம் உண்மையாகவே வாங்கிய அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மூன்று கிலோ அனுப்ப வேண்டும். இன்று காலையில் கொண்டுபோனால் கூரியர்க் கடையில் எடுக்கவில்லை. மூன்று கவர் போட்டு, ஒட்டி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டியிருக்கிறேன். மூக்கை வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பெட்டி மேல் எழுதியிருந்த 'கருவாடு' என்ற சொல்லைப் படித்துவிட்டு அந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டான். பாம்பனில் பிறந்தவன் அவன்!