ஃபோர்டு எஃப்-100 எரிபொருள் மீட்டருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுக்கலாமா?

1967–72 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் டிரக்கின் டாஷ்போர்டைப் புதுப்பிக்கும்போது, எரிபொருள் மீட்டரில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மீட்டர் சராசரியாக 5 வோல்ட்டில் இயங்குவது. முழு 12 வோல்ட் பாய்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சூடேற்றிக் கம்பி எரிந்துவிடக்கூடும். நல்ல பழைய மீட்டர் ஒன்று அநியாயமாகப் போய்விடும்.

நீங்களே சரிபார்க்கலாம். சாவியைத் திருப்பி, மீட்டர்களுக்குப் பின்னால் உள்ள வோல்டேஜ் ரெகுலேட்டரின் (12 வோல்ட்டைச் சராசரியாக 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் பாகம்) வெளியீட்டில் மல்டிமீட்டரை வையுங்கள். பழைய வகை ரெகுலேட்டர் விட்டுவிட்டு மின்சாரம் தருவதால் அளவு ஏறி இறங்கும். நிலையாக 12 காட்டினால் ரெகுலேட்டரோ அதன் எர்த் இணைப்போ பழுதாக இருக்கலாம். மீட்டரைச் சோதிக்க, டேங்கில் எரிபொருள் அளவை உணர்ந்து மீட்டருக்கு அனுப்பும் கருவியின் (sender) வயரைக் கழற்றி, அந்த வயரை 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக பாடியில் எர்த் செய்தால், முள் மெதுவாக ‘முழு’ அளவுக்கு நகர வேண்டும்.